முனை மாறிய ஊசல்

எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றும் பட்டறைகளில் மனிதர்களை இரண்டாகத்தான் பிரிப்பார்கள். முனையைச் சரியாகக் கொடுப்பவர்கள் ஒரு பக்கம், மாற்றிக் கொடுப்பவர்கள் இன்னொரு பக்கம். படிப்பு, குணம், குடும்பம் எல்லாம் அதற்கு அப்புறம். கம்பிச் சுருள் ஒவ்வொன்றுக்கும் ஆரம்ப முனை என்று ஒன்றும் கடைசி முனை என்று ஒன்றும் இருக்கின்றன. அதை மாற்றிச் சேர்த்துவிட்டால் மோட்டார் உறுமும், சூடேறும், சில சமயம் பின்பக்கமாக ஓடும். அப்படி ஓடும் மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு வாடிக்கையாளர் திரும்பி வரும்போது, அதைச் சுற்றியவரின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

அப்படி ஒரு பட்டறையில் எல்லோருக்கும் தலையாக இருந்த மாஸ்டரின் முகத்தை அந்தக் கோலத்தில் யாரும் பார்த்ததில்லை. முனை விஷயத்தில் அவர் கை தவறியதே இல்லை. அந்தப் பெருமை அவருக்கு மூக்குக்கு மேல் இருந்தது. ஒருமுறை யாரோ ஒரு மில்காரர் சொன்னதைக் கேட்டு முதலாளி, "முனை மாறியிருக்குமோ மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டார். கேட்டது அவ்வளவுதான். மாஸ்டர் கையைக் கழுவினார், சட்டையை மாட்டினார், வீட்டுக்குப் போய்விட்டார். மில்லின் எலெக்ட்ரீஷியன்தான் சுவிட்சுப் பெட்டியில் வயரை மாற்றிப் போட்டிருக்கிறான் என்று தெரிந்து, மில்காரரே வீட்டுக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும்வரை அவர் வேலைக்குப் போகவில்லை. அத்தனை நாளும் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முதுகுக்குப் பின்னால் சமையல் செய்து, துணி துவைத்து, சண்டையும் போட்டுப் பார்த்தவள் அவர் மனைவி. ‘தப்பு’ என்கிற சொல் அந்த மனிதரை என்ன பாடு படுத்தும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

அவளும் அதே பட்டறையில் கம்பி சுற்றுகிறவள்தான். அங்கே அவளுக்கு ‘இடக்கை’ என்று பெயர். இரண்டு கம்பியைச் சேர்க்கும்போது எல்லோரும் வலப்பக்கமாக முறுக்குவார்கள். அவள் ஒருத்திதான் இடப்பக்கமாக முறுக்குவாள். எத்தனையோ பேர் மாற்றிப் பார்த்தார்கள், அந்தக் கை கேட்கவில்லை. அதனால் பழைய மோட்டார் பழுதுக்கு வந்தால், இணைப்பின்மேல் போட்ட ஸ்லீவ் குழாயை உருவிப் பார்த்தவுடனேயே அது அவள் வேலையா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால், அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாஸ்டர் அப்படி ஒரு ஸ்லீவை உருவினார். உள்ளே இருந்த முறுக்கை நகத்தால் நெருடிப் பார்த்தார். "இது யார் போட்டது?" என்று கேட்டார். அவள் பயந்துகொண்டே கையைத் தூக்கினாள்.

"இறுக்கமா இருக்கு," என்றார்.

அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அதற்குப் பிறகு வாழ்க்கை முழுவதும் அவர் அவளைப் பாராட்டியதாக வேறு வார்த்தை எதுவும் அவளுக்கு நினைவில்லை. ‘என்னைப் பார்த்து மயங்கவில்லை, நான் போட்ட முடிச்சைப் பார்த்துத்தான் மயங்கினார்’ என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

வீட்டில் மாஸ்டர் பேசமாட்டார். நாள் முழுக்க மோட்டார் இரைச்சலில் இருக்கிறவருக்கு வீட்டுக்கு வந்தால் வாய் திறக்கத் தோன்றாது. டிவி பேசும், அவர் கேட்பார். மகள் வெளியூரில் வேலைக்குப் போனபிறகு அந்த வீட்டில் பேச்சு இன்னும் குறைந்தது. ஆனாலும் அவளுக்குக் குறையாகப் படவில்லை. பகலெல்லாம் பட்டறையில் பக்கத்துப் பக்கத்து மேசை. அங்கே கத்திக் கத்திப் பேசியதே போதுமானதாக இருந்தது.

அப்புறம் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது சும்மா போகாமல் காதுக்குள் எதையோ கெடுத்துவிட்டுப் போனது. ஒரு காலையில் பட்டறை மேசையில் குனிந்து கம்பியை எடுத்தாள். மேசை, மோட்டார், சுவர் எல்லாம் சேர்ந்து சாய்ந்தன. கண் திறந்தபோது தரையில் கிடந்தாள். மாஸ்டர் கையில் தண்ணீர்ச் செம்புடன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

காதுக்குள் இருக்கும் சமநிலை நரம்பு பழுது என்றார் டாக்டர். மாத்திரை கொஞ்சம்தான் செய்யும், பாக்கியைப் பயிற்சிதான் செய்யவேண்டும் என்று சொல்லிப் பிசியோதெரபி பெண்ணிடம் அனுப்பினார். அந்தப் பெண் சின்ன வயது, கொண்டையில் பேனாவைச் செருகியிருந்தாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவேண்டும், எதிரே ஒரு பொருள் இப்படியும் அப்படியும் ஆடவேண்டும், தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் அதைத் தொடரவேண்டும், தினமும் சாயங்காலம் விடாமல் செய்யவேண்டும் என்றாள். எதிரே உட்கார்ந்து ஆட்ட ஆள் உண்டா என்று கேட்டாள். மாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

பட்டறையிலிருந்து ஒரு பெரிய நட்டைக் கொண்டுவந்து, சுருள் கட்டும் கயிற்றில் கோத்தார். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டுக்கொண்டு பயிற்சி தொடங்கியது.

இதில் ஒரு விசித்திரம் நடந்தது. நட்டை ஆட்டுகிறவருக்கு வேறு எதுவும் செய்ய வழியில்லை. டிவி போட்டால் அவள் கண் அங்கே போய்விடும். போன் பார்க்கலாம் என்றால் நட்டு கோணலாகப் போகும். எழுந்து போகவும் முடியாது. அப்படி அகப்பட்டுக்கொண்ட மனிதர் பேசித்தானே ஆகவேண்டும்? மாஸ்டர் பேசினார். முதல் நாள் "தலை சுத்துதா?" என்று மட்டும் கேட்டார். அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொன்றாக வந்தது.

"அந்த மாவு மில்லு மோட்டார் திரும்பவும் எரிஞ்சு வந்திருக்கு."

"எரியாம என்ன செய்யும்? அவங்க எண்ணெயே விடறதில்லையே."

"அதைத்தான் நானும் சொன்னேன். முதலாளி கேட்டாத்தானே. புதுக் கண்ணாடி வாங்கியிருக்கார், அதைப் போட்டுக்கிட்டு என்னையே முறைச்சு முறைச்சுப் பாக்கறார்."

அவள் சிரித்தாள். "தலை ஆடுது," என்றார் மாஸ்டர்.

அவள் இடத்தில் ஒரு புதுப் பெண்ணை உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. நன்றாகச் சுற்றுகிறாளாம், ஆனால் வாயே திறப்பதில்லையாம், பட்டறையே செத்துக் கிடக்கிறதாம். அந்தக் கடைசித் தகவலைக் கேட்டு அவளுக்கு ஒரு அற்ப சந்தோஷம் வந்தது. அதை அவள் மறைக்கவுமில்லை.

ஒருநாள் நட்டையே பார்த்தபடி மாஸ்டர் சொன்னார்: "எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல. மெல்லிசுக் கம்பியெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. முதலாளிகிட்ட சொல்லல. யார்கிட்டயும் சொல்லல."

அவள் கண் நட்டோடு ஒருமுறை போய் வந்தது. பிறகு, "எனக்கு நீங்களே ரெண்டா தெரியறீங்க. ஒண்ணை வச்சே சமாளிக்க முடியல," என்றாள்.

மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். நட்டு எங்கெங்கோ போனது. அன்றைக்குப் பயிற்சி உருப்படவில்லை. ஆனால் அந்தச் சாயங்காலத்துக்காக இன்னும் கொஞ்ச நாள் நோயாளியாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இவ்வளவு வருஷம் கூடக் குடித்தனம் செய்த மனிதரிடம் இவ்வளவு பேச்சு இருந்ததா என்று ஆச்சரியமாகவும் இருந்தது, இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார் என்று கோபமாகவும் இருந்தது.

வினை பிசியோதெரபி பெண்ணின் ரூபத்தில் வந்தது. அடுத்த முறை போனபோது, நட்டை ஆட்டிக்காட்டச் சொன்னாள். மாஸ்டர் ஆட்டினார். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "கை கொஞ்சம் நடுங்குது சார். ஒரே சீரா ஆடினா இன்னும் நல்லது," என்றாள்.

சொன்னவள் மறந்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள். மாஸ்டர் மறக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். விடுமுறை நாளன்று காலையில் சாப்பாட்டு மேசையின்மேல் பழைய துணியை விரித்தார்.

பழைய அலமாரிக் கதவிலிருந்து ஒரு பலகையை அறுத்து அடிப்பலகை ஆக்கினார். அலுமினியக் கம்பியை வளைத்து அதன்மேல் வாசல் நிலை மாதிரி நிறுத்தினார். கிழிந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய சின்ன வட்டக் காந்தத்தை அதில் தொங்கவிட்டார். ஒரே நூலில் தொங்கினால் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் என்று இரண்டு நூலில் கட்டினார். பிறகு காலியான நூல்கண்டு ஒன்றை எடுத்து, அதில் தலைமுடி மாதிரி மெல்லிய எனாமல் கம்பிகள் இரண்டை ஒன்றாகச் சேர்த்துச் சுற்றத் தொடங்கினார்.

அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டரின் உதடு எண்ணிக்கொண்டே இருந்தது. கண் சுருங்கியது. சுற்றி முடித்ததும் கம்பி நுனிகளில் எனாமல் பூச்சை பிளேடால் சுரண்டினார். ஆரம்ப முனைக்குச் சிவப்பு ஸ்லீவ், கடைசி முனைக்குக் கறுப்பு ஸ்லீவ் போட்டார். பழைய ரேடியோவிலிருந்து எடுத்த, மூன்று கால் உள்ள ட்ரான்சிஸ்டர் ஒன்றை நடுவில் வைத்து ஈயத்தால் பற்றவைத்தார். சுருளைக் காந்தத்துக்கு நேர் கீழே வைத்து, ஒரு டார்ச் பேட்டரியைச் சேர்த்தார்.

அது எப்படி ஓடும் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. காந்தம் ஆடிச் சுருளுக்கு மேலே வரும்போது ஒரு கம்பியில் துளி மின்சாரம் பிறக்கும். அந்தத் துளி ட்ரான்சிஸ்டரைத் திறக்கும். பேட்டரியின் மின்சாரம் இன்னொரு கம்பியில் பாயும். சுருள் கண நேரம் காந்தமாகி, மேலே போகிறதை ஒரு தள்ளு தள்ளிவிட்டு அடங்கிவிடும். ஊஞ்சலுக்குப் பின்னால் நிற்கிற ஆளுடைய வேலைதான். முனை சரியாக இருந்தால் தள்ளும். ஒரு கம்பியின் முனை மட்டும் மாறிப்போனால், தள்ளவேண்டிய நேரத்தில் பிடித்து இழுக்கும்.

மாஸ்டர் விரலால் காந்தத்தை ஒரு தட்டுத் தட்டினார். தானாகக் கிளம்பாது, முதல் தட்டு யாராவது தட்டித்தான் ஆகவேண்டும். ஆடத் தொடங்கியது. குறையவில்லை, கூடவில்லை. சுவர்க் கடிகாரம் வெட்கப்படுகிற சீரில் ஆடியது. மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"கை நடுங்குதாம்," என்றார், இல்லாத பிசியோதெரபி பெண்ணைப் பார்த்து.

அன்று சாயங்காலம் அவளுடைய தம்பி வந்தான். லிஃப்ட் மெக்கானிக். எரிந்துபோன லிஃப்ட் மோட்டார்களை மாஸ்டரின் பட்டறைக்குத்தான் அனுப்புவான். வாய் அதிகம். ஊசலைக் குனிந்து பார்த்தான், நிமிர்ந்து பார்த்தான்.

"மாமா, நம்ம லிஃப்டை விட இது ஒழுங்கா ஓடுதே."

"உங்க லிஃப்டை விட மாட்டு வண்டியே ஒழுங்கா ஓடும்."

"ஒரே ஒரு நாள், ஒரே ஒரு முனை நீங்க மாத்திக் கொடுத்து நான் பாத்துரணும் மாமா. அன்னிக்கு உங்க பட்டறை வாசல்ல மைக் வச்சுச் சொல்லுவேன்."

"நீ மைக் வாங்கி வச்சு அது துருப் பிடிச்சதுதான் மிச்சம்," என்றார் மாஸ்டர். அவ்வளவு பெருமிதமாக அவர் உட்கார்ந்து அவள் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் மாஸ்டர் ஊசலை அவளுக்கு எதிரே வைத்தார், ஒரு தட்டுத் தட்டினார், அடுத்த அறைக்குப் போனார். டிவி பேசத் தொடங்கியது.

அவள் ஊசலைப் பார்த்தாள். இப்படியும் போனது, அப்படியும் போனது. எதிர் நாற்காலி காலியாக இருந்தது. ‘என்னைப் பார்த்துக்கொள்ள ஒரு மோட்டாரை வைத்துவிட்டுப் போய்விட்டார்’ என்று நினைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதுவும் அந்தக் காந்தத்தின்மேல் வந்தது. அது எதற்கும் சலிக்காமல் ஆடிக்கொண்டே இருந்தது.

கேட்டுப் பார்க்காமல் இல்லை. "பக்கத்துல வந்து உக்காருங்களேன்," என்றாள் ஒருநாள்.

"எதுக்கு? நின்னுடுச்சா?" என்று குரல் வந்தது.

"நிக்கல."

"அப்புறம் என்ன?"

மாவு மில் மோட்டார் என்ன ஆனது என்று இன்னொரு நாள் கேட்டாள். "ஆச்சு," என்றார். அந்த மோட்டாரின் கதை அந்த ஒற்றைச் சொல்லோடு முடிந்துபோனது. பேட்டரியைக் கழற்றி ஒளித்து வைத்தாள். மாஸ்டர் புதுசு வாங்கி ஒரு பெட்டியே கொண்டுவந்து அலமாரியில் அடுக்கினார். அவருக்கு மனைவிமேல் அக்கறை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அக்கறையைத்தான் அவர் பலகை அறுத்துச் செய்து வைத்திருந்தாரே.

ஒரு பகலில், மாஸ்டர் வேலைக்குப் போனபிறகு, அதை நிறுத்திவிடும் எண்ணத்தோடு அவள் ஊசலின் முன் உட்கார்ந்தாள். காந்தத்தைத் தலைகீழாக மாட்டினாலும் இது ஓடும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு கம்பியும் சேர்ந்தே ஏமாறும், தள்ளு வேறு பக்கத்தில் விழும், அவ்வளவுதான். வேறொருத்தியாக இருந்தால் கம்பியை அறுத்திருப்பாள். அறுத்தால் யார் அறுத்தது என்று கேள்வி வரும். ஆகவே சுருளில் ஒரு கம்பியின் இரண்டு முனைகளை மட்டும் இடம் மாற்றுவது என்று முடிவு செய்தாள்.

குனிந்தால் அறை சாய்ந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சாய்ந்த அறை நிமிரும்வரை காத்திருந்து, மறுபடி குனிந்தாள். ஸ்லீவை உருவினாள். சூடான சால்டரிங் அயர்னை வைத்துப் பழைய பற்றை இளக்கினாள். முனைகளைப் பிரித்தாள், மாற்றினாள், முறுக்கினாள், பற்றவைத்தாள். சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றி மாட்டினாள், நிறத்தைப் பார்த்தால் எல்லாம் முன்போலவே இருக்கும்படி. கை கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு அவள் கையால் செய்த முதல் வேலை அது. திருட்டு வேலைதான், ஆனாலும் நன்றாக வந்திருந்தது. காந்தத்தைத் தட்டிப் பார்த்தாள். நாலைந்து முறை ஆடிச் சோர்ந்து நின்றது. அவளுக்கு அப்படி ஒரு திருப்தி.

சாயங்காலம் மாஸ்டர் தட்டினார். நின்றது. மறுபடி தட்டினார். நின்றது. பேட்டரியை மாற்றினார். காந்தத்தைத் துடைத்தார், திருப்பி மாட்டினார். டிவியை அணைத்துவிட்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவரை எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. அந்த நேரம் பார்த்துத் தம்பி பிஸ்கட் பொட்டலத்தோடு உள்ளே நுழைந்ததுதான் கணக்கில் இல்லாதது.

"என்ன மாமா, சீர் கெட்டுப்போச்சா?"

மாஸ்டர் சுருளைக் கையில் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். கிட்டக் கொண்டுவந்தார், எட்டப் பிடித்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி கிட்டக் கொண்டுவந்தார். அவர் முகத்தில் பயம் தெரிந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கண் சரியில்லை என்று இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அவர் சொன்னார், அவளிடம் மட்டும் சொன்னார். இப்போது கண் சரியாகத் தெரியாமல் பற்றவைத்ததுதான் விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இதை அவள் யோசிக்கவே இல்லை. தன் கோபத்தை மட்டும் பார்த்தாள், அது யார் தலையில் விழும் என்று பார்க்கவில்லை. ‘நான்தான் செய்தேன்’ என்று சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தாள்.

மாஸ்டர் ஸ்லீவை உருவினார்.

இணைப்பைப் பார்த்தார். நகத்தால் நெருடினார். நெருடிய விரல் அப்படியே நின்றது. நிறத்தை மாற்றத் தெரிந்தவளுக்கு முறுக்கை மாற்றவேண்டும் என்று தோன்றவே இல்லை. எத்தனை பேர் சொல்லியும் கேட்காத கை, இடப்பக்கமாகவே முறுக்கி வைத்திருந்தது. அது பார்க்கிற விஷயம் அல்ல, தடவினாலே தெரியும். அதற்குக் கண்கூட வேண்டாம்.

மாஸ்டர் நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. இத்தனை நாள் அவள் எதிரே காலியாகக் கிடந்த, இப்போது அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பார்த்தார். மூலையில் அணைந்து கிடந்த டிவியைப் பார்த்தார். பிறகு ஸ்லீவை மெதுவாக மறுபடி ஏற்றிவிட்டார்.

"என்ன மாமா? ட்ரான்சிஸ்டர் போச்சா?" என்றான் தம்பி.

"இல்ல. முனை மாறியிருக்கு."

"யாரு மாத்தினது?"

"நான்தான். சுத்தும்போதே தப்பாக் கொடுத்துட்டேன்."

தம்பி பிஸ்கட் பொட்டலத்தை மேசைமேல் போட்டுவிட்டுக் கையைத் தட்டினான். "அக்கா, கேட்டியா? காது நல்லாருக்கா உனக்கு? இத்தனை நாள் ஓடினது எப்படி மாமா?"

"ஏதோ ஓடியிருக்கு," என்றார் மாஸ்டர். அந்தப் பதில் ஒரு கத்துக்குட்டிகூடச் சொல்லாத பதில். ஆனால் தம்பி சந்தோஷத்தில் இருந்தான். காத்திருந்து கிடைத்தது, விடுவானா? போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான்.

"முதலாளி, ஒரு நல்ல சேதி. மாஸ்டர் முனை மாத்திக் கொடுத்துட்டார். பொம்மைக்குத்தான். அவரே ஒத்துக்கிட்டார்."

"மாஸ்டரா?" முதலாளி சிரித்தார். "கண்ணு போச்சா அவருக்கு?"

சுவர்ப்பக்கம் திரும்பிய முதுகு அவள் நினைவுக்கு வந்தது. இந்தக் கேள்வியில் பாதியைக் கேட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போன மனிதர் அவர். மாஸ்டர் போனுக்குக் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார்.

"ஆமாங்க. கொஞ்சம் மங்கலாத்தான் தெரியுது. டாக்டர்கிட்ட காட்டணும்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "காட்டுங்க மாஸ்டர், காட்டுங்க. அதுக்கென்ன," என்றார் முதலாளி. தம்பிக்கும் சுதி இறங்கிவிட்டது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"சரி விடுங்க மாமா. அயர்ன் இங்கதானே இருக்கு? மாத்திப் போட எவ்வளவு நேரம் ஆகும்? நானே போட்டுத் தரட்டுமா?"

"வேண்டாம். இருக்கட்டும்," என்றார் மாஸ்டர். ஊசலைத் தூக்கி அலமாரி மேல்தட்டில், பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். "ஒரு அவசரமும் இல்ல."

தம்பி டீ குடித்துவிட்டுப் போனான். மாஸ்டர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மேசை இழுப்பறையைத் திறந்து, நட்டும் கயிறும் எங்கே என்று துழாவி எடுத்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தூக்கினார். நட்டு ஆடத் தொடங்கியது, கொஞ்சம் கோணலாகத்தான்.

"நான் வந்து..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"தலை ஆடுது."

அவள் தலையை நிறுத்தினாள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு அடியில், சொல்லக்கூடாத அளவுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. நட்டு போனது, வந்தது.

"நாளைக்குப் பட்டறையில என்னை உண்டு இல்லைனு ஆக்கிடுவாங்க," என்றார் மாஸ்டர். "அந்தப் புதுப் பொண்ணுகூட வாயைத் திறந்தாலும் திறக்கும்."

அவள் நட்டையே தொடர்ந்தாள்.

"மாவு மில்லு மோட்டாரைக் கேட்டியே. ஆச்சுன்னு சும்மா சொன்னேன், இன்னும் முடிக்கல. உள்ள இணைப்பெல்லாம் பொடிசு பொடிசா இருக்கு. கையால பாத்துப் போடற ஆள்தான் வேணும். தலை சுத்தல் நின்னதும் வந்து போட்டுக் கொடு."

"போடறேன்," என்றாள்.

மாஸ்டரின் பார்வை அலமாரி மேல்தட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியது.

"இறுக்கமா இருக்கு," என்றார்.

அவள் கண் நட்டை விட்டுவிட்டு அவர் முகத்துக்குப் போனது.

"என்னைப் பாக்காதே," என்றார் மாஸ்டர். "நட்டைப் பாரு."